பந்தயக் காரும் வியாபார நாணயமும்



விற்கும் பொருளைப் பற்றி வாங்குபவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? இக்கேள்வி அரிசிக் கடைக்கும் துணிக் கடைக்கும் மட்டும் உரியதன்று. மோட்டார் பந்தயத்திலும் இதற்கு இடமுண்டு.

சாதாரணக் காரைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்பவர்கள் அதன் ஸ்பிரிங் அமைப்பில் கை வைக்காமல் விடுவதில்லை. கடையில் விற்கும் கார், மேடு பள்ளத்தில் உடம்பு அலுங்காமல் போவதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே ஸ்பிரிங் மெத்தென்றிருக்கும். வேகமாகத் திருப்பினால் கார் ஒரு பக்கம் சாயும். பந்தயக்காரர் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கைப் பூட்டிக் காரைத் தாழ்த்துகிறார். பாரம் தாழ்ந்தால் சாய்வு குறையும். அதற்கு விலையாகப் பிரயாண சுகம் போய்விடும். தம் சொந்தக் காரில் இதைச் செய்பவர், எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்தே செய்கிறார். அதில் குற்றமில்லை.

ஆனால் அதே மாறுதலைச் செய்து பிறருக்கு விற்றால் விஷயம் வேறு. 1963-ல் இங்கிலாந்தில் போர்டு கம்பெனியின் கார்ட்டினாக் காரை, லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் பந்தயத்துக்காகத் திருத்தினார். அன்றைய பந்தயச் சட்டப்படி, பன்னிரண்டு மாதத்தில் 1,000 கார்கள் செய்யப்பட்டிருந்தால்தான் அவ்வகுப்பில் ஓட இடமிருந்தது. பொதுமக்கள் வாங்கும் காரே பந்தயத்தில் ஓட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்தாக இருந்தது. ஆகவே பந்தயத்துக்கான மாறுதல், வாங்குபவரின் காரிலும் வந்து சேர்ந்தது.

பின்புறத்தில் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். அச்சு பக்கவாட்டில் நகராதபடி, 'ஏ' எழுத்து வடிவமான சட்டம் ஒன்றை அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரக் கூட்டில் பூட்டினார்கள். இக்காரை ஓட்டி ஜிம் கிளார்க் 1964-ல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். எனினும் சட்டம் இழுத்த இழுப்பில் கூடு தளர்ந்து எண்ணெய் கசிந்தது. கசிந்த எண்ணெய் சட்டத்தின் ரப்பர் புஷ்களைக் கெடுத்தது.

பந்தயக் குழுவினரிடம், ஓடி முடிந்ததும் கழற்றிப் பார்க்க ஆட்கள் உண்டு. வீட்டுக்கும் வேலைக்கும் ஓட்டுகிறவருக்கு யார் உண்டு? சட்டம் கார்களை எண்ணியது. வாங்கியவரின் சிரமத்தை எண்ணவில்லை.

"வேகம் வேண்டுமென்று தானே வந்து வாங்கினான், அவன் பாடு" என்று சிலர் வாதிக்கலாம். விறைப்பான ஸ்பிரிங் உடம்பை உலுக்கும் என்பதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாலே அறியலாம். எண்ணெய்க் கசிவோ கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வருவது. கண்ணால் கண்டு ஏற்ற குறை வாங்குபவரைச் சேர்ந்தது. விற்பவர் அறிந்தும் சொல்லாமல் விட்ட குறை அவர் கழுத்தில்தான் நிற்கும். சட்டத்தின் முத்திரை அதை இறக்கி வைக்காது.

1965-ல் அந்தச் சட்டத்தை நீக்கி, பழைய தகட்டு ஸ்பிரிங்கையே மீண்டும் வைத்தார்கள். அதனால் காரின் பெயர் கெட்டுவிடவில்லை. குறை தெரிந்தபின் பழைய முறைக்குத் திரும்புவது வியாபாரத்தில் வெட்கமன்று.

நம் கடைகளிலும் அளவு சரி, ரசீது சரி, அனுமதி சரி என்று சொல்லக்கூடிய சரக்குகள் பல உண்டு. அவற்றில் நாம் அறிந்த குறையை, வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்கிறோமா? ஒவ்வொருவரும் தம் கல்லாவில் உட்கார்ந்து சிந்திப்போமாக.