முதியோர் இல்லத்தில் உழவாரத் தொண்டு



சரியைத் தொண்டு யாது என்று வினவுவார்க்கு நம் முன்னோர் முதற்கண் எடுத்துக் கூறுவன திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலுமேயாம். மந்திரம் அறியாதாரும் பொருள் படையாதாரும் செய்தற்குரியன அவை. அப்பர் பெருமான் திருக்கரத்தில் உழவாரப்படை விளங்கிய வரலாற்றை நாமெல்லாம் புராணபடனங்களிற் பலகாற் கேட்டிருக்கின்றோம். ஆயினும் அவ்வரலாற்றில் ஓரிடம் எக்காலத்தும் விரைந்து கடக்கப்படுவதை யாம் நெடுநாளாகக் கவனித்து வருகின்றோம். தருமசேனர் என்னும் பெயரோடு சமண் பள்ளியிலிருந்த மருணீக்கியார், சூலைநோய் குடரைப் பிடுங்க, அங்குள்ளார் ஒருவராலும் அது தீராமையால், இரவிலே திருவதிகையை அடைந்து தமக்கையார் திலகவதியாரின் அடிகளில் வீழ்ந்தார். அவ்வம்மையார் அவரைக் கடிந்திலர். தேற்றித் திருநீறளித்து, வைகறையில் அலகும் மெழுகுதற்குரிய சாணமும் தாங்கித் தாம் நாடோறும் பணிசெய்யுங் கோயிலுக்கே உடனழைத்துச் சென்றார். கூட்டி மெழுகிய கையே நோயாளனைத் தாங்கிய கையும் ஆயிற்று. பிரசங்கிகள் பதிகம் பாடுமிடத்தை நோக்கி விரைவதால் இச்செய்தி கேட்போர் செவியில் தங்குவதில்லை.

கோயிலைக் கூட்டுதல் புண்ணியம் என்றும், நோயுற்ற முதியோர் கிடக்கும் அறையைக் கூட்டுதல் கூலியாள் வேலை என்றும் பிரித்தறியும் அறிவு திலகவதியாருக்கு இருந்ததில்லை. நமக்கு இருக்கின்றது. அதனால் விளையுந் தீங்கை எடுத்துரைத்தற் பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

நம் தீவகத்தின் நிலையை யாவரும் அறிவர். 1990, 1991 ஆகிய ஆண்டுகளின் போரினால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாகப் பெயர்ந்து போயினர். திரும்பி வந்தோர் சிலர், வாராதவர் பலர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்க, வளவைக் காத்துக்கொண்டு தாய் ஒருத்தி மாத்திரம் இங்கே இருக்கும் வீடுகள் எத்துணை! பெற்றோரை இல்லங்களில் இருத்துதல் சைவப் பண்பாகாது என்று மேடையேறி முழங்குவார் உளர். மகனும் மருமகளும் ஒரே வளவில் வாழும் ஊருக்கு அவ்வுரை பொருந்தும். கதவுகள் பூட்டிக் கிடக்கும் ஒழுங்கையில், இரவில் நெஞ்சு நோவெடுத்தால் கூப்பிடுதற்கு அயலவர் ஒருவரும் இல்லாத மூதாட்டிக்கு அதனைச் சொல்லிப் பயன் என்னை? கைதடியில் மாகாண சமூக சேவைத் திணைக்களம் நடத்தும் அரச முதியோர் இல்லம் உண்டு; குடாநாட்டில் அறக்கட்டளைகள் நடத்துவனவும் உண்டு. அவை வேண்டுமா வேண்டாவா என்னும் வாதத்தில் யாம் காலம் போக்க விரும்புகின்றிலேம். உள்ளே இருப்பவர் எந்நிலையில் இருக்கின்றார் என்பதே எமது கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், திருவெம்பாவை நாளொன்றிற் சுண்டலும் மோதகமும் கொண்டு ஓர் இல்லத்துக்குச் சென்றோம். அதன் ஊரும் பேரும் ஈண்டு வேண்டா. வாயிலிற் பளிங்குக் கல்லிலே உபகாரிகளின் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னின. அக்கல்லை ஒருவர் துடைத்துக்கொண்டும் இருந்தார். உள்ளே நடையிற் கூரையொழுக்கு. மலசலகூடத்துக்குப் போகும் வழியில் மின்குமிழ் எரியவில்லை. சீமெந்துத் தரை பாசி பிடித்திருந்தது. பற்றிக்கொள்வதற்குச் சுவரில் ஒரு கம்பியேனும் இல்லை. அங்கிருந்த ஆச்சி ஒருவர், யாம் நீட்டிய தேநீரை வாங்க மறுத்தார். காரணம் வினவியபோது, “தம்பி, பின்னேரத்துக்குப் பிறகு நான் ஒண்டும் குடிக்கிறேல்லை. இராவிலை எழும்பிப் போகப் பயம்” என்றார். அவர் நா வறண்டிருந்ததை யாம் கண்டோம். இருளுக்கும் வழுக்கலுக்கும் அஞ்சித் தாகத்தை அடக்குகின்ற ஒருவருக்கு நாம் சுண்டல் கொண்டுபோனோம்!

அவர் அச்சம் வீண் அச்சமும் அன்று. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் பின்னர்ப் படுக்கையை விட்டு எழுவதில்லை. நெடுந்தீவில் ஒருவர் அவ்வாறு விழுந்தால், அங்குள்ள வைத்தியசாலையில் முதலுதவி பெற்று, படகிலே ஒரு மணிநேரமளவு கடலைக் கடந்து, குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் தாண்டி, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடைதல் வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒரு மின்குமிழின் விலையையும் சுவரிற் பொருத்தும் கம்பியின் விலையையும் இப்பயணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்து ஹொலிவூட் என்னும் நகரில், 2017 செப்டெம்பரில், புயலினால் மின்விசை அற்றுக் குளிரூட்டி நின்றுபோக, ஒரு பராமரிப்பு இல்லத்திலிருந்த முதியோருள் 12 பேர் வெப்பத்தால் இறந்தனர். வீதியின் மறுபுறத்திலேயே பெரிய வைத்தியசாலை இருந்தது! அருகில் வைத்தியசாலை இருந்தும் காவாதார் காவாதாரே. நமக்கோ இடையிற் கடல்.

இனிப் படுக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். காஞ்சியம்பதியில் ஏகாலியர் குலத்திற் றோன்றிய திருக்குறிப்புத்தொண்ட நாயனாரின் வரலாற்றை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குளிர்காலத்தொரு நாளிற் சிவபெருமான் மெலிந்த யாக்கையினராய், அழுக்கேறிய கந்தையொன்றை உடுத்த அடியவராய் எழுந்தருளினார். கந்தையைத் தோய்த்துத் தருவேன் என்று நாயனார் வேண்ட, குளிரைத் தாங்கும் ஆற்றல் தமக்கில்லை என்றும், பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாயின் கொண்டுபோகலாம் என்றும் அவர் உடன்பட்டார். நாயனார் தோய்த்தார், வெளுத்தார், உலர்த்தப் புகும்போது மழை வந்தது. மாலைவரை விட்டிலது. அம்முதிய திருமேனி குளிரால் நடுங்குமே, அதற்குத் தாமே காரணராயினமே என்று ஆற்றாது, துணி தோய்க்குங் கல்லிலே தம் தலையை மோதினார். அப்பொழுதன்றோ இறைவன் திருக்கரம் எழுந்து தடுத்தது.

உலராத ஒரு துணிக்காகத் தலையை உடைத்துக்கொள்ளத் துணிந்தவரை நாம் நாயனார் என்று கும்பிடுகின்றோம். ஐப்பசி கார்த்திகை மழையில், இல்லத்து விரிப்புக்கள் இரண்டு நாளாக ஈரமாய்க் கொடியிற் றொங்க, சிறுநீரில் நனைந்த விரிப்பின்மீது ஒரு கிழவர் விடியுமளவும் கிடப்பதைக் கேட்டால் நம் நெஞ்சு அசைகின்றதில்லை. எழ இயலாது கிடப்போரின் முதுகிலும் இடுப்பிலும் குதியிலும் எலும்பு உறுத்துமிடத்துத் தோல் கன்றிப் பின் புண்ணாகும். ஈரம் அதனை விரைவுபடுத்தும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடுதலும், உலர்ந்த விரிப்பை மடிப்பில்லாமல் இடுதலும், தோலை நாடோறும் பார்த்தலும் இதனைத் தடுக்கும் என்று தாதியர் யாவரும் அறிவர். அதற்கு ஒருவருக்கு இரண்டு விரிப்புப் போதாது, நான்காவது வேண்டும். மழைக்காலத்தில் துணி உலர்த்தக் கூரையோடு கூடிய கொட்டிலொன்று வேண்டும். உபகாரிகளுள் எவரேனும் துணி உலர்த்துங் கொட்டில் கட்டித் தம் பெயர் பொறித்ததை யாம் இதுகாறும் கண்டிலேம்.

தண்ணீர் தீவகத்தாருக்குப் பழைய துயரம். உவர் ஒருபுறமிருக்க, நம் நிலம் சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் உடையது. மணல் நிலத்திற்போல அழுக்கு வடிந்து தூய்மையாவதற்கு இங்கே இடமில்லை. மலக்குழியின் கசிவு அயற்கிணற்றுக்கு எளிதிற் செல்லும். கிணற்றுக்கண்மையில் குழி வெட்டிய இல்லங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து நீரைச் சோதிப்பிக்க வேண்டும். குளோரின் இட்டும் காய்ச்சியும் கொடுக்க வேண்டும். மழை ஓய்ந்ததும் டெங்கு நுளம்பு பெருகுமாகையால், சிரட்டையும் பழந்தாங்கியும் வளவிற் கிடக்க விடலாகாது. இவை பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தனவாதலின் விரிக்கின்றிலேம்.

நெருப்பைப் பற்றி ஒன்று கூறாது விடுதல் இயலாது. நமக்கு எதிர்க்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த இல்லமொன்றின் கீற்றுக் கொட்டகை 2001 ஆகஸ்ட் 6ஆந் திகதி அதிகாலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். நம் இல்லங்களிற் சங்கிலி இல்லை, உண்மை. ஆயினும் தடுமாறும் முதியோர் வெளியே போய்விடுவர் என்று இரவிற் கதவைப் பூட்டித் திறப்பைத் தம் மடியில் வைத்துக்கொண்டு உறங்கும் காவலாளர் உளர். உப்புக்காற்றில் மின்கம்பிகள் அரிக்கப்படுகின்றன. மெத்தைக்கு அருகே நுளம்புத்திரி புகைகின்றது. தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து தாம்போதியைக் கடந்து வேலணைக்கு வருவதற்குள் யாவும் முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அந்த வண்டியும் வாராது. எனவே, திறப்பு எவர் கையில் இருக்கின்றது, எழ இயலாதவரை எவர் தூக்குவார் என்பவை ஒவ்வோரிரவும் தீர்த்து வைக்கப்படவேண்டியன.

யாம் இளமையிற் கிறித்தவ மிஷனார் நிறுவிய பாடசாலையிற் பயின்றவர்கள். அங்கே எமக்குப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரைப் பற்றி விளக்கேந்திய மாதென்று கற்பித்தார்கள். பிற்காலத்திற் படித்தபோதுதான் விளக்கினும் பெரியது ஒன்று இருந்ததென அறிந்தோம். 1854இல் அவர் ஸ்குட்டாரி வைத்தியசாலையை அடைந்த பின்னரும் போர்வீரர் இறந்துகொண்டே இருந்தனர். 1855 மார்ச்சில் சுகாதார ஆணையாளர் வந்து அடைபட்ட வடிகால்களைத் துப்புரவு செய்து காற்றோட்டம் உண்டாக்கிய பின், நூற்றுக்கு 40க்கு மேற்பட்டிருந்த இறப்பு சில மாதங்களில் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. வடிகால் துப்புரவாயிற்று, மனிதர் பிழைத்தனர். பிரான்சு தேசத்தில் 1839இல் ஜான் ஜுகான் என்னும் ஏழைப் பெண் கண்ணிழந்த மூதாட்டி ஒருத்தியைத் தம் படுக்கையிலே கிடத்தித் தாம் வேறிடத்திற் படுத்தார். அதிலிருந்து தோன்றிய கன்னியர் சபை 1888 முதற் கொழும்பிலும் முதியோரைப் பேணி வருகின்றது. பிறர் சமயத்தார் செய்வதைச் சொல்லி நம்மவரைக் குறைகூறுகின்றீரே என்பார்க்கு யாம் கூறும் விடை: நாயனார்களை உடையவர் நாம்.

உண்மைக் காரணத்தை இனி மறையாது கூறுவோம். மலங்கழுவுதலை நாம் ஒரு சாதியார்க்கென்று ஒதுக்கி, அவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்திப் பழகிவிட்டோம். அப்பழக்கம் இல்லங்களிலும் புகுந்தது. நிருவாகசபையில் இருப்போர் பலர்; தும்புத்தடி பிடிப்பவள் ஒருத்தி. இருபது பேரைக் கழுவித் துடைத்துப் புரட்டும் அப்பெண்ணுக்குக் கொடுக்குங் கூலி, திறப்பு விழாவிற் கட்டிய தோரணச் செலவுக்கும் குறைவு. அவள் நோயுற்றால் அன்று இல்லம் கூட்டப்படுவதில்லை. காஞ்சியில் அழுக்குத் துணி தோய்த்தவரைத் திருவுருவாக எழுந்தருளுவித்துத் தூபதீபம் காட்டும் நாம், இவளுக்குக் கையுறையும் சவர்க்காரமும் வாங்கிக் கொடுக்கவும் நிதி இல்லை என்கின்றோம்.

புலம்பெயர்ந்த அன்பர்களின் கொடை பெரிது. அதனை யாம் குறைத்துப் பேசோம். ஆயினும் அவர்கள் கட்டடத்துக்கு அனுப்புகின்றனர்; கட்டடம் நாளும் பழுதடையும் பொருள் என்பதை மறந்துவிடுகின்றனர். அப்பர் பெருமான் முதிர்ந்த வயதிலே திருப்புகலூரில் உழவாரப்பணி செய்தபோது, நிலத்திற் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு மேலும் புல்லைச் செதுக்கினார். அப்பொன்னை நம் நிருவாகசபைகள் கண்டால் இன்னொரு மண்டபம் எழுப்பியிருக்கும். ஒவ்வொரு கொடையிலும் மூன்றிலொரு பங்கைப் பராமரிப்புக்கும் பணியாளர் சம்பளத்துக்கும் என ஒதுக்கிவைத்து, அதனை வேறெதற்கும் தொடலாகாது என்று எழுதிவைக்குமாறு கொடையாளரை வேண்டுகின்றோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்குப் பணிபுரியும் நிலையங்கள் பதிவு செய்தல் வேண்டும் என்கின்றது. காசு அனுப்புமுன் பதிவுண்டா என வினவுவது கொடையாளர் கடமை. பிள்ளைகள் தொலைபேசியிற் பேசும்போது “சாப்பிட்டீங்களோ அம்மா” என்பதோடு, இரவிலே எழும்பிப் போக வெளிச்சம் உண்டா என்றும் கேட்பாராக.

நாவுக்கரசர் குருபூசை சித்திரைச் சதயத்திலும், திருக்குறிப்புத்தொண்டர் குருபூசை சித்திரைச் சுவாதியிலும் வருகின்றன. அவ்விரு நாள்களிலும் மாகேசுர பூசை முடிந்தபின், தொண்டர்கள் பத்துப் பத்துப் பேராகத் தத்தம் ஊருக்கு அண்மையிலுள்ள முதியோர் இல்லத்துக்குச் செல்லுமாறு வேண்டிக்கொள்கின்றோம். முதலில் பொறுப்பாளரிடம் உத்தரவு பெறுக. இருப்பவரின் பெட்டியையும் படுக்கையையும் அவரைக் கேளாமல் தொடற்க. அவருக்கு எஞ்சியுள்ள வீடு அதுவே. தரையின் பாசியைச் சுரண்டுக. விரிப்புக்களைத் தோய்த்து வெயிலில் இடுக. எரியாத குமிழை மாற்றுக. கூரையிற் பழுதிருந்தால் குறித்துக்கொண்டு, மின்கம்பியை மாத்திரம் கைதேர்ந்தவரிடம் விட்டு, ஆவணிக்குள் திருத்துவிக்க. தும்புத்தடியும் சவர்க்காரமும் நீவிரே கொண்டுசெல்க. இல்லத்தில் இருப்பதை எடுத்துச் செலவிடற்க. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போவோர் குறிகட்டுவானிற் படகு புறப்படும் நேரத்தை முதல்நாளே விசாரித்து வைத்துக்கொள்க.