மந்திரி ஏன் செத்தான்?

திருவாரூர்க்காரருக்குத் தேர்க்கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இளவரசன் ஓட்டிய தேரில் கன்று சிக்கிச் செத்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் பெற்ற மகனையே தேர்க்காலில் கிடத்தினான். அந்த நீதிக்கு ஊரில் கல்தேர் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. கலெக்டர்கள் மனு வாங்கும் முகாமுக்கு ‘மனுநீதி நாள்’ என்றே பெயர்.

கதையில் இன்னொருவனும் இருந்தான். அவனுக்குச் சிலை இல்லை. பெரிய புராணத்தில் சேக்கிழார் அவனை மறக்கவில்லை, நாம்தான் மறந்தோம். மன்னன் முதலில் ஒரு மந்திரியைக் கூப்பிட்டு, மகன்மேல் தேரை ஓட்டச் சொல்கிறான். மந்திரிக்குக் கை வரவில்லை. ஓட்டவும் முடியாது, மாட்டேன் என்று அரசனுக்கு நேராக நிற்கவும் முடியாது. அப்பால் போய் உயிரை விட்டுவிடுகிறான். அதற்குப் பிறகுதான் மன்னன் தானே தேரேறுகிறான்.

இதை நடந்த வரலாறாக நான் நம்பவில்லை. நம்பாதவனுக்கும் கதையால் ஒரு பயன் உண்டு. அதைச் சொன்ன சமூகம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்காமல் தாண்டிப் போனது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். மந்திரி ஏன் செத்தான்? பசுவுக்கு ஒரு மணி கட்டியிருந்தார்கள். ஏவலுக்கு நிற்பவனுக்கு மணி கட்டவில்லை. அதனால் செத்தான்.

அந்த மந்திரி இன்று டெல்டாவில் லாரி ஓட்டுகிறார்.

குறுவை அறுவடை நேரத்தில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். விவசாயி கொட்டிவைத்த குவியலில் ஈரப்பதமானியை வைக்கிறார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால், “காய வச்சுக் கொண்டாங்க.” காய்ந்ததைத் தூற்றி, சாக்கில் பிடித்து, தராசில் ஏற்றி, 40 கிலோ என்று சரிபார்த்துத் தைக்கிறார்கள். உழவன் நெல்லில் ஒரு சதவீத ஈரம்கூடத் தப்ப முடியாது. அவ்வளவு துல்லியம்.

அந்த மூட்டை லாரி ஏறியதும் துல்லியத்துக்கு என்ன ஆகிறது? 2025 அக்டோபரை டெல்டா மறந்திருக்காது. கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் தேங்கின. மழை வந்தது. நெல் முளைவிட்டது. அப்படி ஒரு நாளில் லாரி வந்து நின்றால் வாசலில் கேட்கும் பேச்சு எதுவாக இருக்கும்? “மூட்டை நனையுதுண்ணே, இன்னும் ஒரு அம்பது ஏத்திக்குங்க. இந்தா இருக்கு குடோன்.” தப்பு எப்போதும் தப்பின் முகத்தோடு வருவதில்லை. சில நேரம் அது உழவர் முகத்தை மாட்டிக்கொண்டு வரும். மறுக்கிற ஓட்டுநர் அந்த நிமிடத்தில் விவசாயிக்கே விரோதி ஆகிவிடுகிறார்.

எல்லா லாரியும் அதிக பாரத்தோடு போகிறது என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்கிறேன். இரண்டு அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 16.2 டன் இருக்கலாம் என்று இருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 18.5 டன்னாக உயர்த்தியது. வெறும் வண்டியின் எடை ஆறரை டன் என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கு 12 டன். சாக்கோடு சேர்ந்த மூட்டை 40 கிலோ சொச்சம். ஆக, 295 மூட்டை. அதற்கு மேல் அந்த ‘ஒரு அம்பது’ ஏறினால் இரண்டு டன் கூடுதல். இந்தக் கணக்குக்கு எடை மேடைகூட வேண்டாம். எத்தனை மூட்டை ஏறியது என்பது அனுப்பும் சீட்டிலேயே இருக்கிறது. பெருக்கத் தெரிந்தால் போதும். மூட்டை குறைந்ததா என்று பார்க்க அந்த எண்ணை ஆயிரம் முறை எண்ணுகிறோம். பாரம் கூடியதா என்று பார்க்க ஒரு முறை பெருக்குவதில்லை. தெரியாததால் நடப்பது இல்லை இது.

மணலில் தெரியாதது போல இருப்பது இன்னும் வசதி. மணல் யூனிட்டில் விற்கிறது. ஒரு யூனிட் 100 கன அடி. அது கொள்ளளவு, எடை இல்லை. காய்ந்த மணலே யூனிட்டுக்குச் சுமார் நாலரை டன் வரும். கொள்ளிடத்தில் அள்ளி, தண்ணீர் சொட்டச் சொட்ட வருகிற மணல் எவ்வளவு? அதிகமாக ‘இருக்கலாம்’. இந்த ‘இருக்கலாம்’தான் தொழிலின் மூலதனம். எடை போட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பொறுப்பு வந்துவிடும்.

இப்படிப் பார்க்க மறுப்பதைப் பற்றித்தான் இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் என்ற கணித அறிஞர் 1877இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பழுது பார்த்தால் செலவு. இத்தனை பயணம் போய் வந்த கப்பல் இந்த முறையும் போய் வரும், ஆண்டவன் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. கிளிஃபோர்டின் தீர்ப்பு: அவர் மனதார நம்பியிருக்கலாம், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் அதேதான். முந்தைய ஆண்டுதான், 1876இல், சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் போராட்டத்தால் கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு போடுவது கட்டாயமாகியிருந்தது. அதற்கு முன், ஓட்டைக் கப்பலில் ஏற மறுத்த மாலுமிகளைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கோடு எங்கே என்பதை முதலில் முதலாளிகளே முடிவு செய்தார்கள். ஒரு கப்பல்காரர் அதைப் புகைபோக்கியில் வரைந்தாராம்! 1890இல்தான் கோட்டை அரசு கையில் எடுத்தது. இன்று காரைக்கால் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களிலும் அந்தக் கோடு உண்டு. கோடு தண்ணீருக்குள் போனால் கரையில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும்.

லாரியிலும் கோடு இருக்கிறது. வண்டியின் வெறும் எடை, மொத்த எடை என்று பக்கவாட்டில் எழுதியிருக்கிறார்கள். முன் நெற்றியில் ‘கடவுள் துணை’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே வண்டியில் இரண்டு எழுத்து. எதை நம்பி வண்டி நகர்கிறது?

முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் நானும் கேலி செய்தவன்தான். பிரேக்குக்குப் பக்தி தெரியாது, டயருக்குத் திருஷ்டி தெரியாது என்று பேசியவன்தான். பேசியதில் தப்பில்லை. அச்சின் மேல் பாரம் 20 சதவீதம் கூடினால் சாலையின் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனைகளிலிருந்து வந்த கணக்கு இது. வெண்ணாற்றங்கரைச் சாலை எந்தப் பூஜைக்கும் இதைத் தள்ளுபடி செய்யாது. ஆனால் கேலியை நான் தப்பான ஆளிடம் செய்தேன். ஓட்டுநருக்கு உடம்பே தராசு. பின்பாரம் கூடினால் ஸ்டியரிங் லேசாகும், ஸ்பிரிங் பட்டை படுத்துவிடும், பிரேக் பிடித்தால் கருகல் நாற்றம் வரும். தெரிந்தும் ‘மாட்டேன்’ என்று சொல்ல வழியில்லாதவர் எலுமிச்சம்பழத்தைக் கட்டுகிறார். தனக்கு எட்டிய ஒரே காப்பீடு அதுதான் என்று கட்டுகிறார். பழத்தை அறுத்தெறியச் சொல்வதற்கு முன், அவருக்கு வேறு என்ன காப்பு வைத்திருக்கிறோம் என்று நாம் சொல்லியாக வேண்டும்.

தமிழில் விதி என்றால் தலைவிதி, விதி என்றால் சட்டமும்தான். சாலை விதி மீறப்பட்டு ஆள் செத்தால், தலைவிதி என்று சொல்லி முடிப்பது நம் வழக்கம். அப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். செத்தவனுக்கு இல்லை. ஓட்டியவருக்கும் இல்லை. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு 5 ஆண்டுச் சிறை வரை காட்டுகிறது. வண்டியில் உட்கார்ந்திருந்தவர் என்பதால் அது முதலில் அவர் கையைத்தான் பிடிக்கும். ‘விதி’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள வசதி உள்ளவர் அன்றைக்கு வண்டியில் இல்லாதவர்தான். வாடகை டன் கணக்கில், ஓட்டுநரின் பேட்டா பல இடங்களில் டிரிப் கணக்கில். கூடுதல் இரண்டு டன்னில் அவர் பங்கு பயம் மட்டும்.

சட்டம் குருடில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019 செப்டம்பர் முதல், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. ஓட்டியவருக்கு மட்டுமா? ஓட்ட வைத்தவருக்கும், ஓட்ட விட்டவருக்கும் சேர்த்து. 113ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. ஓட்டியவர் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். மனுநீதி எழுத்திலேயே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ரோட்டில் நிறுத்தும்போது மட்டும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒரே முகம் ஓட்டுநர் முகம்.

அபராதத்தை நாம் பரிகாரம் மாதிரி ஆக்கிவிட்டோம். கட்டினால் தோஷம் கழிந்தது, அதே பாரத்தோடு வண்டி கிளம்பலாம். மாமூல் என்றால் காணிக்கை, இன்னும் சுருக்கமான வழிபாடு. 2005இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உடைத்தது. பணம் கட்டிவிட்டதால் அதிக பாரத்தோடு போகிற உரிமை வந்துவிடாது, கூடுதலை இறக்கியாக வேண்டும் என்றது. பரிகாரம் பலிக்காது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் பரிகாரத்தைத் தொடர்கிறவர்கள் லாரி முதலாளிகள் மட்டுமா? வீடு கட்டும்போது, “யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலயே போட்டு அனுப்புங்க” என்று சொல்லும் நாமும்தான். நாம் யாரும் கோயிலுக்குப் போகாத பகுத்தறிவுவாதிகளாகவே இருக்கலாம். சாட்சியைப் பார்க்க மறுப்பவனுக்குச் சாமி தேவையில்லை, மூடநம்பிக்கை தானாகவே வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் என் கண்ணில் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. எடை போட மறுக்கும் ஓட்டுநருக்கு 40,000 ரூபாய் அபராதம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எடையைத் தாண்டி ஏற்ற மறுக்கும் ஓட்டுநருக்கு என்ன? மறுநாள் வேறு ஆள் வந்து சாவியை வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். கேட்பதற்கு மணி இல்லை.

மணி கட்டுவது பெரிய வேலையில்லை. அனுப்பும் சீட்டில் மூட்டை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மூன்று எண்கள் போதும்: வண்டியின் வெறும் எடை, ஏற்றிய எடை, அனுமதித்த எடை. கீழே ஏற்றச் சொன்னவரின் கையெழுத்து. மணலுக்கும் அதேபோல் யூனிட்டுக்குப் பதில் டன். மூன்றாவது எண்ணை இரண்டாவது எண் தாண்டியிருந்தால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் அந்தச் சீட்டைக் காட்டலாம். யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. வண்டி ஓடி ஏதாவது ஆகிவிட்டாலும், கையெழுத்துப் போட்டவர் விதியைக் கூப்பிட முடியாது.

சேக்கிழார் கதையின் முடிவில் சிவபெருமான் வருகிறார். கன்று எழுகிறது, இளவரசன் எழுகிறான், மந்திரியும் எழுகிறான். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் செத்த யாரும் இதுவரை எழுந்ததில்லை. அங்கே மறுநாள் பேப்பர்தான் வருகிறது: ‘லாரி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்தது.’ அடுத்த முறை அந்த வரியைப் படிக்கும்போது ஒன்றை யோசியுங்கள். ஐம்பது மூட்டை கூடுதலாக ஏறியபோது கட்டுப்பாடு யார் கையில் இருந்தது?