சிப்பின் தலையெழுத்து

தலையெழுத்தை நம்பாதவர்கள்கூடத் தங்கள் போனுக்கு மட்டும் அது உண்டென்று ஒப்புக்கொள்கிறார்கள். "கம்பெனியே பூட்டி அனுப்பியது, திறக்க முடியாது" என்றால் பேச்சு முடிந்தது.

எழுதியவர் யாரென்று பார்ப்போம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், போன்களை இயக்கும் தன் ஓமேப் 3 சிப்பை இரண்டு விதமாக விற்றது. பொதுவகைச் சிப் எந்த மென்பொருளையும் ஓட்டும். உயர்பாதுகாப்பு வகையோ, போன் தயாரிப்பாளரின் மின்-கையொப்பம் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். அந்த வேற்றுமையைத் தீர்மானிப்பவை தொழிற்சாலையிலேயே எரித்துவிடப்படும் நுண்ணிய ஃபியூஸ்கள். ஜேடேக் என்று ஒரு சோதனை வழி உண்டு, 1990இல் பொதுத்தரமானது. நாலைந்து கம்பிகளைக் கொண்டு பிராசஸரைப் பாதி ஓட்டத்தில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கலாம். பூட்டிய சிப்பில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

பிடிவாதக்காரர்கள் சிலர் சிப்பையே மாற்றக் கிளம்பினார்கள். ஹாட் ஏரில் சூடேற்றி, முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் மெமரியோடு சிப்பைக் கிளப்ப வேண்டும். போர்டில் மிஞ்சிய சால்டரைத் துடைத்து, பூட்டில்லாத சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான பொடிச் சால்டர் உருண்டைகளைப் புதிதாக ஒட்டி, இம்மி பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் போர்டு போச்சு. போன் எழுந்துவிட்டால், 'முடியாது' என்பது யாரோ எடுத்த முடிவு என்பது அம்பலமாகிவிடும். முடிவென்றால் காரணம் கேட்கலாமே!

பாதுகாப்பு என்பார்கள். 2009இல் மோட்டோரோலா ஏறக்குறைய ஒரே போனை அமெரிக்காவில் ட்ராய்டு என்றும் ஐரோப்பாவில் மைல்ஸ்டோன் என்றும் விற்றது. ட்ராய்டில் நாமே செய்த மென்பொருளை ஏற்ற முடிந்தது. மைல்ஸ்டோன் கையொப்பம் கேட்டது. திருடன் ஐரோப்பாவில் மட்டும்தான் இருக்கிறானா?

போனைத் திருடியவன் ஜேடேக்கில் நினைவகத்தைப் படித்துவிடுவான் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் இன்றைய போன்களில் தகவலைக் குலைத்து வைக்கும் சாவி பெரும்பாலும் பழைய சிப்புக்குள்ளேயே கிடக்கிறது. சிப்பைக் கழற்றினால் அதுவும் கூடவே போய்விடும். திருடனுக்கு மிஞ்சுவது வெற்று போன். உரிமையாளருக்கோ தன் பொருளின் உள்ளே பார்க்க வழி கிடைக்கிறது. சரி, பூட்டு இருக்கட்டும். காசு கொடுத்தவரிடம் அதன் சாவி ஏன் இல்லை?

பூட்டை நாமே உடைக்கலாமென்றால் சட்டம் குறுக்கே வரும். அமெரிக்காவில் 1998இன் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருள் பூட்டை உடைப்பதையே சட்டவிரோதமாக்கியது. போனில் நமக்கு வேண்டிய மென்பொருளை ஓட்டிக்கொள்ள 2010இல்தான் விலக்குக் கிடைத்தது. அதுவும் நிரந்தரமல்ல. சொந்தப் போனின் பூட்டைத் திறக்கும் அனுமதியை மூன்று ஆண்டுக்கொருமுறை அரசிடம் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.