கரை தோன்றாத நாள்

மாத்தளை மாவட்டத்தின் கலேவெலைப் பகுதியிலுள்ள வஹகோட்டை, கடலுக்கு வெகுதொலைவிலுள்ள உள்நாட்டு ஊர். அங்கு வாழும் ஒருவர் கடலை நினைப்பதற்கு அன்றாட வாழ்வில் காரணம் எதுவுமில்லை. எனினும் அவ்வூர்க் கத்தோலிக்கர், கண்டி இராச்சியத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தோர் எனப் பரம்பரையாகக் கருதப்பட்டு வருகின்றனர். இன்று அவர்கள் பேசுவது சிங்களம். முன்னோரின் மொழி போயிற்று. முன்னோரின் சமயமும் புனித அந்தோனியாரின் தேவாலயமும் எஞ்சின. அந்த அந்தோனியாரும் லிஸ்பனிற் பிறந்தவரே. மொறொக்கோவிலிருந்து திரும்புகையில் புயல் அவரது கப்பலைச் சிசிலிக் கரைக்கு ஒதுக்கியது என்பர்; இத்தாலி அவரைத் தன்னவராக்கிக் கொண்டமைக்கு அந்தக் கடற்பயணமே தொடக்கம்.

லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்த கப்பல்கள் ஏறத்தாழ ஆறு மாதங்களைக் கடலிற் கழித்தன. வரலாறு புறப்பட்ட நாளையும் கரைசேர்ந்த நாளையும் குறித்து வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நாட்களைக் கைவிட்டுவிடுகின்றது. வாஸ்கோ ட காமா லிஸ்பனை நீங்கியது 1497 யூலை 8, கள்ளிக்கோட்டையை அடைந்தது 1498 மே 20 என்பது பாடசாலை மாணவரும் அறிந்தது. வேர்டேமுனைத் தீவுகளை விட்டபின் தென்னாபிரிக்கக் கரையைக் காணும்வரை, நிலமே தோன்றாது ஏறத்தாழ மூன்று மாதங்கள் அம்மனிதர் மிதந்தனர் என்பதை எவரும் மனனம் செய்வதில்லை. முன்னும் பின்னும் கரை தோன்றாத அத்தகைய நாளொன்று மனிதனுக்கு இழப்பா, பேறா? பேறாயின், அது யாருடைய பேறு?

பேறு என்பார்க்குச் சான்றுகள் குறைவில்லை. 1921 செப்ரெம்பரில் இங்கிலாந்திலிருந்து திரும்பிய ச. வெ. இராமன், ‘நர்க்குண்டா’ கப்பலின் மேற்றளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். வானத்தின் நீலமே கடலிற் பிரதிபலிக்கிறது என்ற விளக்கம் அவருக்குப் போதவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவை எழுதி, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். ஒன்பது ஆண்டுகளின் பின், 1930இல், அவருடைய தமையனாரின் மகன் சந்திரசேகர் பத்தொன்பது வயதில் கேம்பிரிட்ஜ் நோக்கிக் கப்பலேறினார். விண்மீனொன்று எரிந்தடங்கிய பின் தன் எடையைத் தானே தாங்குவதற்கு ஓர் எல்லையுண்டு என்பதை அந்தப் பயணத்திலேயே கணித்தார். அறிஞருலகம் அதனை முழுதாக ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. நோபெல் பரிசு 1983இல் வந்தது. 1909 நவம்பரில் ‘கில்டோனன் காசில்’ என்னும் கப்பலில் காந்தி பத்தே நாட்களில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலை எழுதினார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதினார். 1937இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளின் சென்ற கப்பலிலேதான் அதே காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் ஏ. கே. செட்டியாருக்கு எழுந்தது.

இவற்றைக் கொண்டு, வெறுமையே சிந்தனையின் தாய் என முடிவுகட்டுவது எளிது. ஆனால் அம்முடிவு தவறானது. சென்னையிலிருந்து 1860 ஒக்ரோபர் 12இல் ‘துரூரோ’ என்னும் கப்பல் புறப்பட்டது. நேற்றால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 342 பேர் அதிலிருந்தனர். நவம்பர் 16இலேயே டர்பனை அடைந்தனர். அவர்களுக்கும் அதே வானம், அதே நீலம், ஐந்து வாரம் கரை காணாத பகல்கள். சந்திரசேகருக்கு அப்பாலைக் கரையில் ஒரு பல்கலைக்கழகம் காத்திருந்தது. இவர்களுக்கோ இன்னும் கண்டிராத ஓர் எசமானன். (மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்த தோட்டத் தொழிலாளருக்குக் கடல் குறுகியதாயிருந்தது; கரைக்கப்பாலிருந்த காட்டுவழியே அவர்களுக்குச் சமுத்திரம்.)

அப்பாலைக் கரையின் உறுதிதான் வேறுபாடு எனலாமோ? அதுவும் முற்றிலும் பொருந்தவில்லை. காந்தி இலண்டனில் தம் முயற்சி கைகூடாது திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்காகக் காத்திருந்தது போராட்டமும் சிறையுமே. ஆயினும் அந்தப் பத்து நாட்களும் அவருடையவை. உண்ணும் வேளையையும் உறங்கும் இடத்தையும் பிறர் கட்டளையிட்டு விதிக்கவில்லை. ஆகவே நாள் வெறுமையாயிருப்பது முக்கியமன்று. அது எவருக்கு உரியது என்பதே முக்கியம்.

இதற்கு மாறான ஒரு சான்றையும் மறைத்தல் தகாது. ஒப்பந்தக் கூலிகளாக ஒரே கப்பலிற் சென்றோர், இறங்கிய நாடுகளில் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகக் கொண்டனர். வட இந்தியரிடையே ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பற் சகோதரன், என்ற உறவுப்பெயரே உருவாயிற்று. சாதியும் ஊரும் வேறாயினும் அவ்வுறவு நிலைத்தது. தமக்கு உரிமையில்லாத நாட்களிலிருந்தும் மனிதர் ஒன்றைப் படைத்தனர். அது விண்மீனின் எல்லையைக் கணித்ததற்குச் சிறிதும் குறைந்த படைப்பன்று. ஆனால் அப்படைப்பைக் காட்டி அந்தக் கப்பல்களை நியாயப்படுத்த முயல்வது அறமாகாது. நிழல் தந்தமைக்காகச் சிறைச்சுவரைப் போற்றுவார் உண்டோ?

நம் காலத்தில் கரை தோன்றாத நாள் விலைப்பொருளாகிவிட்டது. நூறு நாட்களுக்கு மேல் உலகைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல்களில், துறைமுகம் எதுவும் தொடாத நாட்கள் பல உண்டு. வியப்பு என்னவெனில், வெறுமையை விலைகொடுத்து வாங்கியவருக்கு அது வெறுமையாக வழங்கப்படுவதில்லை. காலை உடற்பயிற்சி, பகலில் சூதாட்டக்கூடம், மாலையில் இசை, இரவில் நாடகம் என அந்நாள் நிரப்பப்படுகின்றது. இராமன் இன்று அம்மேற்றளத்தில் நின்றிருப்பின், கடலைப் பார்க்க விட்டிருப்பார்களோ என்பது ஐயமே.

அந்நாளை ஆக்கித் தருவோர் வேறு. பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து பல மாத ஒப்பந்தத்தில் வரும் பணியாளர் அவர்கள். 2006ஆம் ஆண்டின் கடற்றொழில் உடன்படிக்கை, அவர்களின் வேலைக்கு இருபத்துநான்கு மணிக்குள் பதினான்கு மணி, ஏழு நாட்களில் எழுபத்திரண்டு மணி என எல்லையிட முடிகின்றது. கரையிலிருக்கும் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை கோரிய போராட்டங்களை நினைப்பவருக்கு, இந்தப் ‘பாதுகாப்பு’ என்ன சொல்கிறது என்பது விளங்கும். ஓய்வின் பொருட்டே உழைக்கிறோம் என்றவர் அரிஸ்ரோட்டில். அடிமையை உயிருள்ள கருவி என்றவரும் அவரே. ஒன்றைச் சொன்ன வாய் மற்றதையும் சொன்னமை தற்செயலன்று.

இதனால் ஓய்வே பாவம் என்று கொள்ளவேண்டியதில்லை. மேற்றளத்திற் சாய்ந்திருக்கும் முதியவர் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேமித்தவராயிருக்கலாம். அவருடைய நாளைப் பறிப்பதால் எவருக்கும் ஒரு நாள் கிடைத்துவிடாது. கேட்கவேண்டியது மற்றவருக்குரிய நாள் எங்கே என்பதே. கீழ்த்தளங்களிற் பணியாளர் உறங்கும் அறைகள் பலவற்றுக்குச் சாளரம் இல்லை. கடலின் நடுவே மாதக்கணக்கில் வாழ்ந்தும், எஞ்சிய பத்து மணியில் அவர்கள் கண்டுகொண்டிருப்பது சுவரை.