எனதென்னும் உரிமை

தென்சீனக் கடலிலுள்ள ஸ்கார்பரோ பவளத்திட்டைச் சீனம், தைவான், பிலிப்பைன்ஸ் என்னும் மூன்றும் தத்தமதென வழக்கிடுகின்றன. 2012 முதல் அது சீனக் காவற்கலங்களின் வசமுளது. 2016-இல் நடுவர் மன்றம், திட்டு யாருக்குரியதென ஆராயாது விடுத்து, பல நாட்டுச் செம்படவரும் ஆங்குத் தொன்றுதொட்டு மீன்பிடித்து வந்தமையின், பிலிப்பைன்ஸ் செம்படவரைச் சீனம் தடுத்தது முறையன்றெனத் தீர்த்தது. சீனம் அத்தீர்ப்பை ஏற்றிலது. எனினும், உடையவர் யாரெனத் துணியப்படாதவிடத்தும், அதனால் உயிர்வாழ்வார்க்குரிய நியாயம் துணியப்படலாம் என்பது இதனாற் பெறப்படும்.

கைப்பற்றி நிற்றலே உரிமையாகாதோ எனின், ஆகாது. பெருஞ்சிப்பி எடுக்கவந்த சீனப் படகுகள் ஆங்குப் பவளத்தைச் சிதைத்தமையும், அவ்வரசு அதனைத் தடாமையும் அம்மன்றமே கண்டதாம். தமதென்று கூறிய பொருளைக் காவாதார்க்கு உள்ளது பற்றேயன்றி உரிமையன்று. காத்தலும் பகிர்தலும் உள்வழியே 'எனது' என்னுஞ் சொல் அறத்தோடு பொருந்தும் என்க.