கேட்காமல் செய்த நல்லது

மிளகு தானாகத்தான் ஆட்டோவில் ஏறினாள். நான் தூக்கவில்லை, கயிற்றைப் பிடித்து இழுக்கவும் இல்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் ஒரே தாவாகத் தாவி இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, நான் ஏறுவதற்காகக் காத்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, மழித்த வயிற்றில் முடியும் முளைத்துவிட்டது. அந்தத் தாவல் மட்டும் இன்னும் என் மனத்தில் கிடக்கிறது.

ஆறு கிலோகூட இல்லாத பெண் நாய் அவள். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிற கருத்தடை ஆபரேஷன். செய்துவிட்டால் வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் வைக்கிற ஆபத்து இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடியில் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும் என்றார் டாக்டர். எல்லாம் உண்மை. நம்பித்தான் சம்மதித்தேன். ஆனால் சம்மதம் என்னுடையது, வயிறு அவளுடையது. அன்று காலை ஏன் சோறு வைக்கவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாமலேதான் தாவி ஏறினாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சிறிய உடம்பு மயக்க மருந்தில் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அருகில் வைத்தேன். இரவு முழுக்க முனகினாள். மயக்கம் தெளியும்போது இப்படி முனகுவது உண்டு, எல்லாமே வலி என்று நினைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எது மயக்கம், எது வலி என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஈறு வெளுத்தால் உடனே அழைத்து வரச் சொன்னதால், செல்போன் வெளிச்சத்தில் அவள் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மறுக்காமல் காட்டினாள்.

மறுநாளே அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. அதுதான் கவலையாக இருந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு கதவில் இடித்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் எட்டவில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் வேளையில் மட்டும் ஒரு பழைய பருத்திப் பனியனில் காலுக்குத் துளை போட்டு மாட்டிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி கூடாது, எல்லாவற்றையும்விட முக்கியமாக, தாவ விடக் கூடாது. வெளித்தோல் ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே தசை சேர நாளாகும். ஒரு தாவலில் உள்தையல் விட்டுப்போகலாம். ஆகவே கட்டிலுக்குத் தாவப் போனவளைத் தடுத்துத் தடுத்து உட்காரவைத்தேன். நம்பித் தாவிய உடம்பு. அதைத் தாவாதே என்று பிடித்துவைப்பதும் நானாகவே இருந்தேன்.

அந்த நாட்களில் எப்போதோ படித்த மகாபாரதத்தின் தொடக்கம் அரைகுறையாக நினைவுக்கு வந்தது. பாண்டவர் கதை ஆரம்பிப்பதற்கும் முன்னால், ஜனமேஜய மன்னனின் வேள்விச் சாலைக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அரசனின் தம்பிகள் அதை அடிக்கிறார்கள். அழுதுகொண்டே தாய் சரமையிடம் போகிறது. நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய் என்கிறாள் தாய். வேள்விப் பொருளை நான் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை என்கிறது குட்டி. சரமை நேரே வேள்விச் சாலைக்குப் போய், என் பிள்ளையை எதற்காக அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை. அத்தனை பெரிய காவியத்தின் வாசலிலேயே ஒரு நாய் நின்று மனிதனிடம் காரணம் கேட்கிறது. மிளகுக்காகக் கேட்க ஒரு சரமை வந்தால் நான் அந்தத் தம்பிகளைப் போல வாயடைத்து நிற்க மாட்டேன். என்னிடம் காரணங்கள் உண்டு. ஆனால் அவை ஒரு தாய் நாய்க்குப் போதுமா?

காரணங்களில் பெரியது என் சிறுவயதில் இருக்கிறது. கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். தை மாதம் பிறந்தால் வைக்கோல் போருக்கு அடியில் குட்டிகளின் சத்தம் கேட்கும். கண் திறந்ததும் ஊர்ப் பிள்ளைகள் வந்து வாலைத் தூக்கிப் பார்த்துக் கடுவன் குட்டிகளை எடுத்துப் போவார்கள். பொட்டைக் குட்டிகளை யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் அப்பாயி இரக்கமில்லாதவள் அல்ல. குட்டி போட்ட நாய்க்குத் தன் பங்குக் கஞ்சியை ஊற்றியவள். அவளேதான் மிஞ்சிய குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொடுத்து, ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரச் சொல்வாள். தாய் சில நாள் போரைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும். அப்போது ஊரில் யாருக்கும் வேறு வழி தெரியவில்லை.

வேறு வழி நகரத்தில் இருந்தது. நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே கருத்தடையை முன்வைத்தது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2001-இல் மத்திய அரசு விதி வகுத்தது. கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட நாயை எங்கள் தெருவில் பார்க்கும்போது, அதற்குப் பிறந்து சாக்கில் போயிருக்கக்கூடிய குட்டிகளை நினைக்கிறேன். அப்போது என் காரணம் உறுதியாகிறது.

உறுதியானபிறகும் அந்த ஆட்டோ நினைவில் வருகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போதும் கேட்டுப் போடுவதில்லை. ஆனால் குழந்தை ஒருநாள் வளர்ந்து, நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளும். மிளகு ஒருநாளும் புரிந்துகொள்ள மாட்டாள். என் கையை நக்கியதைப் பார்த்து, அவள் மன்னித்துவிட்டாள் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நடந்தது இன்னதென்று அறிந்தவர்தான் மன்னிக்க முடியும். தையல் பிரிக்க அழைத்துப்போன அன்றும் அவள் ஆட்டோவைப் பார்த்து வாலை ஆட்டினாள். பயந்து பின்வாங்கியிருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். கணக்கு நேரானதுபோல இருந்திருக்கும்.

நம்மை நம்பும் உயிருக்காக, அதைக் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பொறுப்பு வருகிறது என்பது மட்டும் தெரியும். உங்கள் வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்ய நினைத்தால் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் இரவும் பகலும் கூட இருக்கக்கூடிய நாளாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள். வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு நஞ்சாகலாம். டாக்டர் எடை பார்த்து எழுதிய மருந்தை மட்டும் கொடுங்கள். தையல் காயும்வரை பக்கத்தில் இருங்கள்.