முதல் பங்கு

பசித்திருக்கையில் உணவு முன்னால் வந்தால் கை தானாக நீளும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே குழந்தைக்கும் தெரிந்த செயல் அது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது, நீண்ட கையை ஒரு கணம் நிறுத்துவதைத்தான். உலகின் பல மூலைகளில், ஒருவரையொருவர் அறியாத மக்கள், தங்கள் அடுப்படியிலேயே இந்தப் பாடத்தைக் கண்டடைந்திருக்கிறார்கள். சமைத்ததில் முதல் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதன் பிறகே உண்கிறார்கள். அந்தப் பங்கு சில நாடுகளில் வானுக்குப் போகிறது, சிலவற்றில் மண்ணுக்கு, சிலவற்றில் நெருப்புக்கு, சிலவற்றில் இன்னும் வந்து சேராத விருந்தாளிக்கு. பிற நாட்டு உணவுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் சுவையையும் செய்முறையையும் தாண்டி என் மனம் போய் நிற்பது இந்த ஒரு செயலில்தான்.

மங்கோலியப் புல்வெளியில் பொழுது தேநீரோடு விடிகிறது. தடித்த கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம், நடுவில் அடுப்பு. மரங்கள் அரிதான வெளி என்பதால் பெரும்பாலும் காய்ந்த சாணத்தில்தான் தீ மூட்டுகிறார்கள். வீட்டுக்காரப் பெண்மணி, செங்கல்போல் இறுக்கி அழுத்திய தேயிலைக் கட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்துப் பொடித்துக் கொதிநீரில் இடுகிறார். பிறகு பால் சேர்க்கிறார். சர்க்கரை கிடையாது, உப்புதான். கரண்டியால் அள்ளி உயரத்திலிருந்து அதே பாத்திரத்துக்குள் ஊற்றுகிறார். மறுபடியும் அள்ளி ஊற்றுகிறார். ஆவி எழுந்து கூடாரத்தின் உச்சித் திறப்பு வழியே வெளியேறுகிறது. சூதே சாய் என்பது இந்தப் பானத்தின் பெயர்.

குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் இறங்கும். அப்படியொரு காலையில் கொதிக்கும் முதல் தேநீரை வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அந்தப் பெண்மணி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து பனிக்குள் போகிறார். வானத்தையும் மலைகளையும் நோக்கி, நான்கு திசைகளிலும் தெளிக்கிறார். இதற்கென்றே ஒன்பது சிறு குழிகள் செதுக்கிய மரக் கரண்டி உண்டு. தெளித்து முடித்து உள்ளே வந்த பிறகுதான் பெரியவர்களின் கிண்ணம் நிறைகிறது.

மேய்ச்சல் வாழ்க்கையில் மழையும் புல்லும் மனிதனின் கட்டுப்பாட்டில் இல்லை. மங்கோலியர்கள் ‘ஜுத்’ என்று அழைக்கும் கொடுங்குளிர் வந்தால் ஆடுமாடுகள் லட்சக்கணக்கில் மடியும். கொடுப்பதும் எடுத்துக்கொள்வதும் அதே வானம்தான் என்று அறிந்த மக்கள் அவர்கள். அந்த வானத்துக்கு முதல் தேநீரைத் தெளிப்பதில் பேரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நல்ல ஆண்டிலும் தெளிக்கிறார்கள். இழப்பின் ஆண்டிலும் தெளிக்கிறார்கள்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை நாடுகளில் இதே பங்கு மண்ணுக்குச் சேர்கிறது. மக்காச்சோளத்தை நனைத்து முளைகட்டி, வெயிலில் உலர்த்தி அரைத்து, நெடுநேரம் காய்ச்சிப் புளிக்கவைத்தால் சிச்சா என்ற பானம் கிடைக்கும். இன்கா பேரரசின் விழாக்களில் இதுவே முதன்மையான பானம். பெரு நாட்டின் குஸ்கோ வட்டாரத்தில் இன்றும் வீட்டு வாசலில் நீண்ட கம்பு நட்டு அதன் நுனியில் சிவப்பாக ஏதாவது கட்டியிருந்தால், உள்ளே புதிய சிச்சா தயார் என்று வழிப்போக்கர்கள் புரிந்துகொள்வார்கள். குவளை கைக்கு வந்ததும் முதலில் சிறிது தரையில் சிந்துகிறார்கள். அது பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு. அவள் பருகிய பிறகே மனிதர்கள் பருக வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் பச்சமாமாவுக்கு உரியது. விதைப்புக்கு முந்தைய அந்தக் காலத்தில் நிலம் பசியோடு வாய் திறந்திருக்கிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. அர்ஜென்டினாவின் வடமேற்கில் நிலத்தில் குழி தோண்டி, சமைத்த உணவையும் சிச்சாவையும் கோகா இலைகளையும் அதில் இட்டு, வணங்கி மூடுகிறார்கள். ஆண்டெல்லாம் நமக்கு ஊட்டுகிறவளுக்கும் பசிக்கும் என்று நினைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு கனிந்த மனம் வேண்டும்! ஆண்டிஸ் மக்களின் பழைய மரக் குவளைகளை ஒன்றைப்போல் ஒன்றாக இரண்டிரண்டாகவே செய்தார்கள். தனியாகக் குடிப்பது அவர்கள் மரபில் இல்லை. ஒரு குவளை தனக்கு, மற்றது எதிரில் இருப்பவருக்கு. இருவருக்கும் முன்பாக, மண்ணுக்கு.

யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறைவதோடு ஓய்வுநாள் தொடங்கும். அதற்குள் ரொட்டி தயாராகிவிட வேண்டும். மாவு பிசைந்து உப்பியதும், அதைப் பின்னல்களாக முறுக்குவதற்கு முன்பு, ஆலிவ் காய் அளவு ஒரு சிறு துண்டைக் கிள்ளி எடுத்து, இறைவனை வாழ்த்தித் தனியே வைக்கிறார்கள். பிசைந்த மாவின் முதல் பகுதியைக் கடவுளுக்குப் படைக்கும்படி விவிலியத்தின் எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் விதிக்கிறது. எருசலேம் ஆலயம் இருந்தவரை அந்தப் பங்கு குருமாருக்குப் போனது. கி.பி. 70இல் ரோமானியப் படை ஆலயத்தை அழித்தது. ஆலயத்தோடு குருமாரின் பணியும் நின்றுபோனது.

ஆயினும் எடுத்து வைப்பது நிற்கவில்லை. கிள்ளிய துண்டை இன்று நெருப்பில் இட்டுக் கருக்கிவிடுகிறார்கள். பல நூற்றாண்டுகளாக, நாடு மாறி, மொழி மாறி, துரத்தப்பட்டு அலைந்த காலங்களிலும், அந்தச் சிறு துண்டு மட்டும் யார் வயிற்றுக்கும் போகாமல் தீயில் சேர்ந்துகொண்டிருக்கிறது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றலாம். மாவைப் பிசையும் கையிடம் அதற்கு விடை இருக்கிறது. இந்த மாவு முழுவதும் உனக்குரியதல்ல என்று வாரந்தோறும் அந்தக் கைக்கு நினைவூட்டப்படுகிறது. பெறுகிறவர் இல்லாதபோதும் கொடுக்கிறவர் வளர்கிறார்.

ஜப்பானின் ஜென் மடங்களில் இந்தப் பயிற்சி பருக்கைக் கணக்கிலேயே நடக்கிறது. 1244இல் எய்ஹெய்ஜி மடத்தை நிறுவிய தோகென் என்ற துறவி, உண்ணும் முறையை மட்டுமே விளக்கி 1246இல் ஒரு நூல் எழுதினார். துணியில் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கிண்ணங்களைத் துறவி தன் முன் பிரித்து வைக்கிறார். சோறு வருகிறது, கைகூப்புகிறார். இந்த உணவு எத்தனை பேர் உழைப்பில் இங்கே வந்தது, இதைப் பெற எனக்குத் தகுதி உண்டா என்று எல்லோரும் சேர்ந்து ஓதிச் சிந்திக்கிறார்கள். பிறகு நண்பகல் உணவிலிருந்து சில பருக்கைகளை விரல் நுனியால் எடுத்துத் தனியே வைக்கிறார்கள். ஏழு பருக்கைக்கு மேல் கூடாது என்பது விதி. பரிமாறுபவர் வந்து அவற்றைச் சேகரித்துச் செல்வார். வெளியே அவை பறவைகளுக்கும் பிற உயிர்களுக்கும் உணவாகும்.

அந்தப் பருக்கைகளைப் பசி தீராத ஆவிகளுக்கே படைக்கிறார்கள். பௌத்த மரபு அந்த ஆவிகளுக்குப் பெருத்த வயிற்றையும் ஊசிபோல் மெலிந்த தொண்டையையும் கொடுத்திருக்கிறது. எவ்வளவு கிடைத்தாலும் அவற்றுக்கு உள்ளே இறங்குவதில்லை. எவ்வளவு உண்டாலும் அடங்குவதில்லை. அந்த உருவத்தை மனத்தில் நிறுத்திப் பார்க்கையில், அது எங்கோ இருளில் அலைவதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று நமக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதும் அதுதானே! தன் கிண்ணத்திலிருந்து ஏழு பருக்கையை எடுத்து வைக்கும் துறவி, தன் பேராசையையும் பகை பாராட்டாமல் பரிவோடு அமர்த்துகிறார். உண்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தைக் கழுவி, அந்த நீரிலும் ஒரு பகுதியைத் தாமே பருகுகிறார். ஒரு துளியும் வீணாவதில்லை.

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரில் முதல் பங்கு நடந்து வருகிற துறவிகளுக்குப் போகிறது. கையில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள அரிசியை இரவே ஊறவைத்து, விடியுமுன் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். மூடியுள்ள சிறு கூடையில் அந்தச் சோற்றை எடுத்துக்கொண்டு தெருவோரம் மண்டியிட்டுக் காத்திருக்கிறார்கள். காவியுடுத்த பிக்குகள் வெறுங்காலுடன் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சிறு உருண்டைச் சோறு. இரு தரப்பிலும் பேச்சில்லை. வீட்டார் அன்று இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அதே வரிசையின் ஓரத்தில் ஏழைப் பிள்ளைகள் கூடையோடு அமர்ந்திருப்பதுண்டு. பிக்குகள் தாம் பெற்றதிலிருந்து எடுத்து அந்தக் கூடைகளில் இட்டுவிட்டுப் போகிறார்கள். வாங்கிய கை அடுத்த கணமே கொடுக்கும் கையாகிறது.

இஸ்லாம் இந்தப் பங்குக்குத் திட்டமான அளவையே வகுத்துத் தந்திருக்கிறது. ரமலான் மாதம் முழுவதும் நோன்பிருந்தவர்கள், பெருநாள் தொழுகைக்குப் போகுமுன் ஏழைகளுக்கு ஃபித்ரா கொடுத்துவிட வேண்டும். தலைக்கு ஒரு ‘ஸாவு’ தானியம். இன்றைய கணக்கில் சுமார் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரும். வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நபிகள் நாயகத்தின் காலத்தில் பேரீச்சம்பழமும் வாற்கோதுமையும் கொடுத்தார்கள். நம் ஊர்களில் அரிசி. தன் வீட்டில் பிரியாணி மணப்பதற்கு முன்பே இன்னொரு வீட்டு அடுப்பும் எரிய வழி செய்தாக வேண்டும். பண்டிகையின் மகிழ்ச்சிக்கு இப்படியொரு வாசல் வைத்த கருணையை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

போலந்தில் டிசம்பர் 24 மாலை, வானில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை கிறிஸ்துமஸ் விருந்துக்கு அமர மாட்டார்கள். மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல், மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையின் நினைவாக. இறைச்சி சேராத பன்னிரண்டு பதார்த்தங்கள்; அவற்றில் சிவந்த பீட்ரூட் சூப்பும், கார்ப் மீனும், கசகசா சேர்த்த பலகாரங்களும் இருக்கும். விருந்துக்கு முன் மெல்லிய அப்பத் தகடு ஒன்றை ஒருவருக்கொருவர் நீட்டி, ஒடித்து, வாழ்த்தி உண்கிறார்கள். அந்த மேசையில் ஆள் இல்லாத ஓரிடத்துக்கும் தட்டும் கரண்டியும் வைத்திருப்பார்கள். எதிர்பாராமல் கதவைத் தட்டுகிற அந்நியருக்கான இடம் அது. யாரும் வராமலும் போகலாம். வந்தால், உனக்காகவே காத்திருந்தோம் என்று உண்மையாகவே சொல்ல முடியும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பங்கின் அளவு பெரும்பாலும் மிகச் சிறியது. ஒரு கரண்டித் தேநீர், ஒரு சிந்தல் சிச்சா, ஆலிவ் காய் அளவு மாவு, ஏழு பருக்கை. வரிசையில்தான் இவற்றின் பொருள் இருக்கிறது. வயிறு நிறைந்த பிறகு மிஞ்சியதைக் கொடுப்பதும் நல்ல செயலே. அதனால் பசியாறுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே நம் தேவை முடிந்த பிறகுதான் உலகம் நம் கண்ணில் படுகிறது. முதல் பங்கை எடுத்து வைக்கும்போது உலகம் நம் தேவைக்கு முன்னால் வந்து நிற்கிறது. போதும் என்ற உணர்வு உண்ட பிறகு வந்தால் அது வயிற்றின் நிறைவு. உண்பதற்கு முன்பே வந்தால் அது மனத்தின் பக்குவம்.

நாம் இறுகப் பற்றிக்கொள்வதற்கெல்லாம் அடியில் ஓர் அச்சம் இருக்கிறது. நாளைக்கு இருக்குமோ, எனக்குப் போதுமோ என்ற அச்சம். பசியோடு இருக்கும் வேளையில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது அந்த அச்சத்தின் முகத்துக்கு நேராக நின்று சொல்லும் பதில். அறிவால் யோசித்து அச்சத்தை வெல்வது கடினம். கைக்குப் பழக்கிவிட்டால் மனம் மெல்லப் பின்தொடரும். அதனால்தான் இந்த மரபுகள் பெரிய தத்துவங்களை நூலோடு விட்டுவிடாமல், அன்றாடம் அடுப்பு எரியும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன. உபதேசம் மறந்துபோகலாம், பசி ஒரு நாளும் மறப்பதில்லை. அந்தப் பசியோடு சேர்த்துக் கட்டிய நினைவும் தவறாமல் வந்துவிடுகிறது.

நமக்கும் இது புதிதல்ல. சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு கவளம் வைத்துவிட்டு, அது வந்து எடுக்கும்வரை காத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. உலையில் அரிசி போடுமுன் தினமும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள் என்று காஞ்சி மகாபெரியவர் சொல்லிவைத்தார். சேர்ந்த அரிசி எளியவர்களின் அன்னமாயிற்று. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் சோறு பற்றாமல் போனதில்லை.

இதைத் தொடங்க நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை, சடங்கும் வேண்டியதில்லை. அடுத்த வேளைக்கு அரிசியை அளக்கும்போது, முதல் பிடியை எடுத்துத் தனியே வையுங்கள். பாத்திரம் நிறைந்ததும் தேவைப்படும் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். சமைக்காதவர்கள், தட்டில் கை வைக்குமுன், இது வந்த வழியில் இருந்த மண்ணையும் மழையையும் மனிதர்களையும் ஒருமுறை நினைத்து, பசித்திருக்கும் ஓர் உயிருக்கு உரியதை ஒதுக்கி வையுங்கள். எந்த மதத்தில் பிறந்தவரும், எந்த மதத்தையும் ஏற்காதவரும் செய்யக்கூடிய வழிபாடு இது. நாள்தோறும் செய்துவந்தால், ‘என்னுடையது’ என்று இறுகியிருந்த கை தளர்வதை நாமே உணரலாம். அப்படித் தளர்ந்த கையால் அள்ளி உண்ணும் சோறு, எளிய சோறாக இருந்தாலும், பிரசாதமாகிவிடும்.